ஹீட்டர் கோர் ஒழுகல்: டேஷ்போர்டைக் கழற்றச் சொல்வதற்கு முன்னால்

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். 2002 மாடல் மாருதி எஸ்டீம், கோயம்புத்தூரில் ஓடுகிறது, மாதம் ஒருமுறையாவது ஊட்டிக்கு ஏறுகிறது. முன்னால் இடது பக்க மேட் ஈரமாகவே இருக்கிறது, உள்ளே லேசாக இனிப்பு வாசனை, முன் கண்ணாடியின் உட்புறம் எண்ணெய் தடவினாற்போல் ஒரு படலம், ரிசர்வ் பாட்டிலில் எஞ்சினைக் குளிர்விக்கிற கூலண்ட் இறங்கிக்கொண்டே போகிறது. ஒரு மெக்கானிக் "ஹீட்டர் நம்ம ஊருக்கு எதுக்கு சார், பைபாஸ் பண்ணிடலாம்" என்கிறார். இன்னொருவர் டேஷ்போர்டு முழுக்க இறக்கி கோரை மாற்றணும் என்கிறார். யார் சொல்வது சரி?

இரண்டுமே சரியாக இருக்கலாம். ஆனால் நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இரண்டு பேருமே எதையும் சோதித்துப் பார்க்கவில்லை, அதுதான் எனக்கு உறுத்துகிறது. எஸ்டீம் மாதிரியான காரில் டேஷ்போர்டை இறக்கி ஏற்றுவது ஒரு நாள் முழுக்கத் தின்கிற வேலை, இருபது வருஷத்துக்கு மேல் வெயில் குடித்த பிளாஸ்டிக் கிளிப் எல்லாம் தொட்டால் உடையும். அதையெல்லாம் செய்து முடித்த பிறகு "கோர் நல்லாத்தான் இருக்கு, ஹோஸ் கிளிப்தான் லூஸ்" என்று தெரியவந்தால் யாரைக் கேட்பது? ஆகவே முதலில் எது ஒழுகுகிறது என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். கோரை மாற்றுவதா, கோருக்குத் தண்ணீர் போகாமல் ஹோஸை நேராக இணைத்துவிடுகிற பைபாஸா என்ற முடிவு அப்புறம்.

ஹீட்டர் கோர் என்பது டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும் குட்டி ரேடியேட்டர். எஞ்சினிலிருந்து ஒரு ஹோஸ் வழியாகச் சுடுநீர் ஃபயர்வாலை (எஞ்சின் அறைக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள தகடு) தாண்டி உள்ளே வருகிறது, இன்னொரு ஹோஸ் வழியாகத் திரும்பிப் போகிறது, நடுவில் புளோயர் என்கிற விசிறி அதன் மேல் காற்றை ஊதுகிறது. எஞ்சின் சூடான நிலையில் அந்தத் தண்ணீர் 80, 90 டிகிரியில் இருக்கும், அதோடு ரேடியேட்டர் மூடி தாங்குகிற அழுத்தம் முழுவதும் இந்தக் கோருக்குள்ளும் இருக்கும். ஜப்பானிய வடிவமைப்பில் வந்த நம்ம ஊர்க் கார்கள் பலவற்றில் மூடியில் 0.9 அல்லது 1.1 என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அது சதுர சென்டிமீட்டருக்கு அத்தனை கிலோ. கோரில் ஊசிமுனை அளவுக்கு ஓட்டை விழுந்தாலும் தண்ணீர் ஆவியாகப் பீறிட்டு, புளோயர் காற்றோடு சேர்ந்து கண்ணாடிக்குப் போகும். நீங்கள் பார்க்கிற படலம் அப்படி வந்ததாக இருக்கலாம். தண்ணீர் காய்ந்துவிடும், கூலண்டில் கலந்திருக்கும் கிளைகால் என்கிற ரசாயனம் அவ்வளவு சீக்கிரம் காயாது, கண்ணாடியிலேயே தங்கிவிடும்.

இனி சோதனை. இடது பக்க மேட் ஈரம் என்றாலே முதலில் சந்தேகப்பட வேண்டியது ஏசி டிரெயின் குழாயைத்தான். ஏசி ஓடும்போது எவாப்பரேட்டரில் (காற்றைக் குளிர்விக்கிற பாகம்) சேர்கிற தண்ணீர் ஒரு சின்னக் குழாய் வழியாகக் காருக்கு அடியில் சொட்ட வேண்டும். அதில் தூசியும் இலைத் துணுக்கும் அடைத்துக்கொண்டால் அத்தனையும் உள்ளே இறங்கி இடது பக்கம்தான் வந்து நிற்கும். ஏசி போட்டுக் கொஞ்ச நேரம் காரை நிறுத்தி வையுங்கள். அடியில் சொட்டுகிறதா? கோடையில், அதுவும் சென்னை மாதிரி புழுக்கமான ஊரில், ஒரு சொட்டுக்கூட விழவில்லை என்றால் குழாய் அடைத்திருக்கிறது. அடுத்தது மழைத்தண்ணீர். வைப்பருக்குக் கீழே இருக்கும் தொட்டி போன்ற பகுதியில் சருகு சேர்ந்தாலோ, முன் கண்ணாடி ரப்பர் தளர்ந்திருந்தாலோ, மழைக்கோ வாட்டர் வாஷுக்கோ பிறகு மட்டும் நனையும்.

எந்தத் தண்ணீர் என்று பிரித்தறிய மேட்டைத் தூக்கி, அடியில் இருக்கும் கார்பெட்டில் வெள்ளை டிஷ்யூ பேப்பரை அழுத்திப் பாருங்கள். ஏசித் தண்ணீரும் மழைத்தண்ணீரும் நிறமில்லாமல், விரலில் பிசுபிசுப்பு இல்லாமல் இருக்கும். கூலண்ட் என்றால் பச்சையோ சிவப்போ நீலமோ ஒரு சாயம் தெரியும், இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தால் வழுக்கும், இனிப்பு வாசனை வரும். நாக்கில் வைத்து மட்டும் பார்க்காதீர்கள். அந்த எத்திலீன் கிளைகால் விஷம், சிறுநீரகத்தைக் கெடுக்கும். இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கிவிடும், கொஞ்சம் போனாலே உயிருக்கு ஆபத்து. வடித்த கூலண்டைத் தெருவிலோ சாக்கடையிலோ ஊற்றாமல், மூடியுள்ள கேனில் பிடித்துக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். குழந்தை யாராவது குடித்துவிட்டால் அறிகுறிக்காகக் காத்திருக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

இதில் நம்ம ஊரில் ஒரு சிக்கல் இருக்கிறது. பழைய கார் வைத்திருப்பவர்களில் பலர் ரேடியேட்டருக்கு வெறும் போர் தண்ணீரைத்தான் ஊற்றி ஓட்டியிருப்பார்கள். அப்போது நிறமும் இருக்காது, இனிப்பு வாசனையும் இருக்காது, டிஷ்யூவில் லேசான துருப்பிடித்த பழுப்புக் கறை மட்டும் வரும், அதையும் அழுக்கு என்று விட்டுவிடுவோம். உங்கள் காரில் வாசனை வருகிறது என்பதால் கூலண்ட் இருக்கிறது, அந்த வகையில் உங்களுக்கு வேலை சுலபம். வெறும் தண்ணீர் ஓடுகிற காராக இருந்தால் யூவி டை என்று விற்கிற சாயத்தைக் கொஞ்சம் ரேடியேட்டரில் ஊற்றி ஓரிரு நாள் ஓட்டிவிட்டு, இருட்டில் யூவி டார்ச் அடித்துப் பார்க்கலாம். ஒழுகிய இடம் பளிச்சென்று மின்னும்.

கூலண்ட்தான் என்று தெரிந்துவிட்டது என்று வையுங்கள். அப்போதும் கோர் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு பானெட்டைத் திறந்து, ஃபயர்வாலில் இரண்டு ஹீட்டர் ஹோஸும் போய்ச் சேருகிற இடத்தைக் கையால் தடவிப் பாருங்கள். அங்கே ஹோஸ் முனை வெடித்திருந்தாலோ, கிளிப் தளர்ந்திருந்தாலோ, தண்ணீர் குழாயின் மேலேயே வழிந்து, துளையைச் சுற்றியுள்ள ரப்பர் வளையமான கிராமெட்டின் இடுக்கு வழியாக உள்ளே இறங்கிவிடும். உள்ளே உட்கார்ந்து பார்க்கிறவருக்குக் கோர் ஒழுகுவது போலவே இருக்கும். சில கார்களில் ஹீட்டர் ஹோஸின் நடுவில் கேபிளால் இயங்கும் ஒரு வால்வு இருக்கும், பழைய பிளாஸ்டிக் வால்வு என்றால் அதன் தண்டுப் பக்கம் கசிவது வழக்கம். இதெல்லாம் டேஷ்போர்டைத் தொடாமலே சரியாகிற வேலை.

அந்த வால்வு இன்னொரு விதத்திலும் உதவும். வால்வு உள்ள காரில் குமிழைக் குளிர் பக்கம் திருப்பினால் கோருக்குத் தண்ணீர் ஓட்டம் நின்றுவிடும், ஆகவே ஒழுகலும் குறையும். வால்வு இல்லாத காரில் குமிழ் திருப்புவது வெறும் காற்றுக் கதவைத்தான், சுடுநீர் எப்போதும் கோருக்குள் ஓடிக்கொண்டேதான் இருக்கும். "நான் ஹீட்டர் போடுவதே இல்லையே, எப்படி ஒழுகும்?" என்று பலர் கேட்பதற்குப் பதில் இதுதான்.

அடுத்ததுதான் எல்லாச் சந்தேகத்தையும் தீர்க்கிற சோதனை. கூலிங் சிஸ்டம் பிரஷர் டெஸ்டர் என்று கையால் அடிக்கிற பம்பும் மீட்டரும் சேர்ந்த கருவி இருக்கிறது, ஓரளவு நல்ல ஒர்க்‌ஷாப் எதிலும் கிடைக்கும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் மூடியைக் கழற்றி அதை மாட்டி, மூடியில் எழுதியிருக்கிற அழுத்தம் வரை மட்டும் அடிக்க வேண்டும், அதற்கு மேல் வேண்டாம். பதினைந்து இருபது நிமிஷம் விட்டுப் பாருங்கள். முள் இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. ரேடியேட்டர், வாட்டர் பம்ப், ஹோஸ்கள், எஞ்சினுக்கு அடியில் என்று சுற்றிப் பார்த்து வெளியே எங்கும் ஈரம் இல்லை என்றால், அழுத்தத்தை விடுவித்துவிட்டு இரண்டு ஹீட்டர் ஹோஸையும் கோரிலிருந்து கழற்றி, ஒன்றோடொன்று ஒரு ஹோஸ் துண்டால் இணைத்து, குறைந்த தண்ணீரை நிரப்பி மறுபடி அதே அழுத்தம் அடியுங்கள். இப்போது முள் அசையாமல் நின்றால் குற்றவாளி கோர்தான். இப்போதும் இறங்கினால் கோரை மட்டும் மாற்றிப் பிரயோஜனம் இல்லை, ஒழுகல் வேறு எங்கோ இருக்கிறது. வெளியே ஈரமே இல்லாமல் தண்ணீர் குறைகிறது, ரேடியேட்டரில் நீர்க்குமிழி வந்துகொண்டே இருக்கிறது, எஞ்சின் சூடான பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால் எஞ்சின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கிற ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும், அது தனிக் கதை.

டெஸ்டர் கிடைக்காவிட்டால், கழற்றிய நிலையில் கோரின் ஒரு குழாயை ரப்பர் கார்க்கால் இறுக்கி அடைத்து, இன்னொன்றில் மீட்டர் வைத்த சைக்கிள் பம்பால் ஒரு கிலோ அழுத்தத்துக்குள் அடித்துப் பார்க்கலாம். பங்க்சர் கடை கம்ப்ரசரை மட்டும் நேராகச் செருகாதீர்கள். அதில் இருக்கும் அழுத்தம் பல மடங்கு அதிகம், நல்ல கோரையும் வெடிக்க வைத்துவிடும்.

சரி, கோர்தான் என்று உறுதியாகிவிட்டது. இப்போது உங்கள் மெக்கானிக் சொன்ன பைபாஸுக்கு வருவோம். சமவெளியிலேயே ஓடுகிற காருக்கு நானும் அதைத்தான் சொல்வேன், அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. மதுரையிலோ திருச்சியிலோ ஹீட்டரைப் போடுகிறவர் யார், மழையில் கண்ணாடி மங்கினால் ஏசியே துடைத்துவிடும். ஹீட்டர் பெட்டியின் காற்றுக் கதவுச் சீல் தேய்ந்த பழைய காரில் கோருக்குச் சுடுநீர் போகாமல் இருந்தால் ஏசி கொஞ்சம் கூடுதலாகவே குளிரும்.

ஆனால் எப்படி பைபாஸ் செய்கிறார்கள் என்பது முக்கியம். சிலர் இரண்டு ஹோஸிலும் தலா ஒரு போல்ட்டைச் செருகி கிளிப் போட்டு அடைத்துவிடுகிறார்கள். அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடாகும்வரை ரேடியேட்டர் பாதையை மூடி வைக்கிற வால்வு) மூடியிருக்கிற நேரத்தில் தண்ணீர் சுற்றி வர ஹீட்டர் பாதையும் ஒரு வழி. அதை அடைத்தால் எஞ்சினுக்குள் சில இடம் மட்டும் அதிகம் சூடாகும், தெர்மோஸ்டாட் திறக்க வேண்டிய நேரத்தில் திறக்காது, மீட்டரும் காட்ட வேண்டியதைக் காட்டாது. போல்ட் வைத்த ஹோஸ் என்றைக்காவது பிதுங்கிக் கழன்றால் ஒரே நிமிஷத்தில் தண்ணீர் மொத்தமும் வெளியே. எஸ்டீம் எஞ்சினில் பிளாக், ஹெட் இரண்டுமே அலுமினியம், ஒருமுறை நன்றாகச் சூடேறினால் ஹெட் வளைந்துவிடும், அந்தச் செலவுக்கு முன்னால் கோர் செலவு ஒன்றுமே இல்லை. ஆகவே பைபாஸ் என்றால் ஒரு ஹோஸை இன்னொரு ஹோஸோடு இணைப்பதுதான், தண்ணீர் ஓட்டம் நிற்கக் கூடாது. நேர் ஹோஸை மடக்கி வைத்தால் மடிப்பில் நசுங்கிவிடும், அதனால் வளைவாக வார்த்த ஹோஸ் அல்லது பித்தளைக் குழாய்த் துண்டு பயன்படுத்துங்கள். பிளாஸ்டிக் இணைப்பு சூட்டில் வெடிக்கும். ரேடியேட்டருக்கான ரப்பர் ஹோஸ்தான் போட வேண்டும், தோட்டத்து டியூபோ பெட்ரோல் ஹோஸோ கூடாது. இணைத்த வளைவு எக்ஸாஸ்ட்டையோ பெல்ட்டையோ உரசாமல் கட்டி வையுங்கள்.

உங்கள் விஷயத்தில் எனக்குத் தயக்கம் எங்கே என்றால், நீங்கள் மாதாமாதம் ஊட்டிக்குப் போகிறவர். டிசம்பர், ஜனவரியில் அங்கே உறைபனி விழும். அதிகாலையில் குன்னூர்ப் பக்கம் மூடுபனியில் இறங்கும்போது கண்ணாடிக்குச் சூடான காற்று வேண்டும். அந்தக் குளிரில் ஏசியை மட்டும் நம்பினால் கண்ணாடி தெளிய நேரமாகும், நீங்களும் விறைத்துப் போவீர்கள், குழந்தைகள் உடனிருந்தால் இன்னும் கஷ்டம். இன்னொன்றும் இருக்கிறது. வால்பாறையோ கல்லட்டியோ ஏறும்போது டெம்பரேச்சர் முள் மேலே போக ஆரம்பித்தால், ஏசியை அணைத்து ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து புளோயரை வேகமாக ஓட விட்டு, வண்டியை ஓரங்கட்ட இடம் கிடைக்கும்வரை சமாளிக்கலாம், கோர் இரண்டாவது ரேடியேட்டராக வேலை செய்யும். பழைய காரில் மலை ஏறுகிறவருக்கு இது பெரிய துணை. அதனால் உங்களுக்கு என் பதில்: இன்றைக்கே பைபாஸ் செய்து ஒழுகலை நிறுத்துங்கள், புதுக் கோரும் வேலைக்கு நேரமும் அமைந்ததும் மாற்றிவிடுங்கள், குளிர்காலத்துக்குள்.

அதுவரை ஒழுகுகிற கோரோடு ஓட்டாதீர்கள். ஊசிமுனை ஓட்டை என்றைக்குப் பெரிதாகும் என்று சொல்ல முடியாது. மலைப்பாதையில் திடீரென்று கண்ணாடி முழுக்க ஆவி படிந்து எதிரே எதுவும் தெரியாமல் போவதும், கொதிநீர் கால்மாட்டில் கொட்டுவதும் நடக்கக்கூடியவை. அப்படி ஆகிவிட்டால் கண்ணாடிகளை இறக்கி, புளோயரை அணைத்து, மெதுவாக ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்கவே கூடாது.

மஞ்சள் தூள் போடலாமா என்று யாராவது சொல்லியிருப்பார்கள், கண்டிப்பாகச் சொல்லியிருப்பார்கள். ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போட்டு ஒழுகலை அடைப்பது நம்ம லாரி டிரைவர்கள் காலங்காலமாகச் செய்கிற வேலை, நடுவழியில் நின்றுவிட்டால் வீடு சேர அது உதவத்தான் செய்யும். கடையில் விற்கிற ஸ்டாப் லீக் திரவமும் அதே நோக்கம்தான், கொஞ்சம் நாகரிகமான வடிவம். இரண்டிலும் பிரச்சினை ஒன்றே: அடைக்கிற பொருளுக்கு ஓட்டை எது, தண்ணீர் ஓட வேண்டிய வழி எது என்று தெரியாது. ஹீட்டர் கோரின் குழல்கள் ரேடியேட்டரைவிடக் குறுகலானவை, அங்கேதான் முதலில் படியும். ஒழுகலும் நிற்கும், ஹீட்டரும் நிற்கும், ரேடியேட்டரின் கீழ்ப்பகுதியும் மெல்ல அடைக்கும். உங்களுக்குக் காரை வைத்திருக்கும் எண்ணம் இருந்தால் அதைத் தொடாதீர்கள்.

இப்போது மாற்றுவது. பழைய கோரைப் பத்த வைத்துப் போடலாமா என்பதைக் கோர் எதனால் ஆனது என்று பார்த்துத்தான் சொல்ல முடியும். செம்பு, பித்தளைக் கோர் என்றால் ரேடியேட்டர் கடையில் ஈயப் பற்று வைப்பார்கள். குழாய் கோரோடு சேருகிற இடத்திலோ டேங்க் ஓரத்திலோ விட்டிருந்தால் அது நிற்கும். நடுக் குழல்கள் அரித்து ஓட்டை விழுந்திருந்தால் ஒன்றை அடைத்த கொஞ்ச நாளில் பக்கத்திலேயே இன்னொன்று கிளம்பும். அலுமினியக் கோர் என்றால் யோசிக்கவே வேண்டாம், புதிது வாங்குங்கள். எம்-சீல் வைத்து அடைத்ததெல்லாம் சூட்டிலும் அழுத்தத்திலும் தாங்காது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் இந்த வேலையில் பெரிய செலவு டேஷ்போர்டை இறக்கி ஏற்றுகிற கூலிதான், கோரின் விலை அதற்குப் பக்கத்தில் சின்னது. அவ்வளவு சிரமப்பட்டுத் திறந்துவிட்டு உள்ளே சந்தேகமான கோரை வைத்து மூடுவது எனக்கு மனசே ஒப்பாது.

எஸ்டீமுக்குப் புதுக் கோர் கடையில் கிடைக்கவில்லை என்றால் சென்னை புதுப்பேட்டை, உங்கள் ஊரில் உக்கடம் என்று பழைய பார்ட்ஸ் கடைகளில் தேடலாம். பழையதை வாங்கினால் அங்கேயே ஒரு பக்கெட் தண்ணீரில் அமுக்கி, ஒரு குழாயை அடைத்து, மெதுவாகக் காற்று விட்டுக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். உள்ளே தண்ணீர் விட்டு ஓட்டம் தாராளமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். புதிதோ பழையதோ, குழாய்கள் வளைந்திருக்கிற கோணமும் கோரின் கனமும் உங்களுடையதோடு ஒத்துப்போக வேண்டும். ஒரு சென்டிமீட்டர் மாறினாலும் ஃபயர்வால் துளைக்கு நேராக வராது, வம்படியாக வளைத்தால் அங்கேயே விரியும்.

கழற்றுகிற வேலையை நீங்களே செய்யப்போகிறீர்களா, ஆளை வைத்தா என்று எழுதவில்லை. எப்படியானாலும் கவனிக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். உங்கள் காரில் ஏர்பேக் இருக்காது, ஏர்பேக் உள்ள காரில் இதைப் படிக்கிறவர்கள் கழற்றியபின் சில நிமிஷம் பொறுத்துத்தான் டேஷ்போர்டைத் தொட வேண்டும். கூலண்டை வடித்துவிட்டு ஹீட்டர் ஹோஸைக் கழற்றும்போது முறுக்கி இழுக்காதீர்கள். வருஷக்கணக்கில் ஒட்டிப்போன ஹோஸ் கோரின் மெல்லிய குழாயையும் சேர்த்துத் திருகிவிடும். ஹோஸ் முனையை நீளவாட்டில் கத்தியால் கீறிப் பிரித்துவிடுங்கள், ஹோஸ் எப்படியும் புதிதுதான் போடப்போகிறோம்.

உள்ளே வரிசை பொதுவாக இப்படி இருக்கும்: இடது பக்கம் புளோயர், அதற்கு அடுத்து குளோவ் பாக்ஸுக்குப் பின்னால் ஏசி எவாப்பரேட்டர், நடுவில் ஹீட்டர் பெட்டி. எவாப்பரேட்டரைக் கழற்றாமல் ஹீட்டர் பெட்டியை மட்டும் பின்னால் நகர்த்தி எடுக்க முடிகிறதா என்று முதலில் பாருங்கள். முடிந்தால் ஏசி கேஸ் தப்பிக்கும். முடியாவிட்டால் கேஸை ஏசி மெக்கானிக்கிடம் முறையாக எடுத்துவிட்டுத்தான் பைப்பைத் திறக்க வேண்டும். டேஷ்போர்டில் ஒளிந்திருக்கும் ஸ்க்ரூக்கள்தான் உடைசலுக்குக் காரணம். ஒரு பக்கம் வரவில்லை என்றால் இழுக்காதீர்கள், எங்கோ இன்னொரு ஸ்க்ரூ பிடித்திருக்கிறது, பெரும்பாலும் முன் கண்ணாடியின் அடியிலோ ஓரத் தூணிலோ. ஒவ்வொரு கட்டத்திலும் போனில் படம் எடுங்கள், ஒவ்வொரு இடத்து ஸ்க்ரூவையும் தனித்தனிக் கவரில் போட்டு எழுதி வையுங்கள். ஹீட்டர் குமிழிலிருந்து வருகிற கேபிள்களில் கிளிப் எந்த இடத்தில் இருந்தது என்று மார்க்கரால் கோடு போடுங்கள். அந்தக் கோடு இல்லாமல் மாட்டினால் குமிழ் குளிரில் இருந்தாலும் காற்றுக் கதவு பாதி திறந்தே இருக்கும், அதைச் சரி செய்ய மறுபடி கழற்ற வேண்டியிருக்கும். டேஷ்போர்டைத் தூக்க இரண்டு பேர் வேண்டும்.

பெட்டியைத் திறந்ததும் பழைய கோரைச் சுற்றி இருந்த ஃபோம் பொடிப்பொடியாக உதிரும். புது ஃபோம் ஒட்டாமல் கோரை வைத்தால் காற்று கோருக்குள் போகாமல் ஓரமாகவே போய்விடும், புதுக் கோர் போட்டும் சூடு வரவில்லை என்று புலம்ப வேண்டியதுதான். இவ்வளவு தூரம் வந்தபின் புளோயரைச் சுத்தம் செய்து, ஏசி டிரெயின் குழாயையும் ஊதிவிடுங்கள். ஹீட்டர் ஹோஸ் இரண்டும் கிளிப் நான்கும் புதிது.

டேஷ்போர்டை மாட்டுவதற்கு முன்னால் ஹோஸை இணைத்து, தண்ணீர் நிரப்பி, அதே பிரஷர் டெஸ்டரை மாட்டி அரைமணி நேரம் விடுங்கள். ஃபயர்வாலுக்கு உட்புறம் காய்ந்த டிஷ்யூவை வைத்துப் பாருங்கள். இதைச் செய்யாமல் மூடக் கூடாது, ஆளை வைத்துச் செய்தாலும் இந்த ஒன்றை மட்டும் நேரில் நின்று பாருங்கள்.

கோர் ஏன் ஓட்டையானது என்று கேட்காமல் புதிதை மாட்டினால் அதுவும் சீக்கிரம் போகும். நம்ம ஊரில் முதல் காரணம் தண்ணீர். போர் தண்ணீரின் உப்பும் சுண்ணாம்பும் குழல்களில் படிந்து அரிக்கும். கூலண்டில் நமக்கு வேண்டியது உறையாமல் காக்கிற குணத்தைவிட அரிப்பைத் தடுக்கிற ரசாயனம்தான், அது காலப்போக்கில் தீர்ந்துவிடும். பழைய வகைப் பச்சைக் கூலண்ட் சுமார் இரண்டு வருஷம், நீண்ட ஆயுள் வகை சுமார் ஐந்து வருஷம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், பாட்டிலில் எழுதியிருப்பதே கடைசி வார்த்தை. நிறத்தைப் பார்த்து ஒன்றோடொன்று கலக்காதீர்கள், நிறத்துக்கென்று பொதுவான விதி எதுவும் இல்லை. கான்சன்ட்ரேட் வாங்கினால் டிஸ்டில்டு வாட்டரோடு பாதிக்குப் பாதி கலக்கலாம். ரெடிமிக்ஸ் என்றால் தண்ணீர் சேர்க்காமல் அப்படியே ஊற்ற வேண்டும்.

இரண்டாவது காரணம் பலர் பார்க்காதது, எர்த் ஒயர். எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையே உள்ள எர்த் துருப்பிடித்திருந்தால் மின்சாரம் கூலண்ட் வழியாக வழி தேடும், கோரை உள்ளிருந்தே அரித்துவிடும். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவிலும், சிவப்பு முனையை ரேடியேட்டர் வாயில் உலோகத்தில் படாமல் கூலண்டிலும் நனையுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது தொடங்குங்கள். முதலில் எல்லாவற்றையும் அணைத்துப் பாருங்கள், அப்புறம் ஸ்டார்ட் செய்து ஹெட்லைட், புளோயர் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. 0.3ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும். எதையாவது போடும்போது மட்டும் ஏறினால் எர்த் கோளாறு, அணைத்த நிலையிலேயே அதிகமாக இருந்தால் கூலண்ட் செத்துவிட்டது என்று பொருள், வடித்து அலசி மாற்றுங்கள்.

கடைசியாக, கூலண்ட் பாதையில் சிக்கிய காற்றை எடுப்பது. வண்டியின் மூக்கு கொஞ்சம் மேடாக இருக்கும்படி நிறுத்தி, ஹீட்டர் குமிழை முழுச் சூட்டில் வைத்து, குளிர்ந்த எஞ்சினில் மூடியைத் திறந்தபடி மெதுவாகக் கூலண்ட் நிரப்புங்கள். ஸ்டார்ட் செய்து ஐடிலில் விடுங்கள், மட்டம் இறங்க இறங்க ஊற்றுங்கள். தெர்மோஸ்டாட் திறந்ததும் ரேடியேட்டர் மேல் ஹோஸ் சுடும், மட்டம் சட்டென்று இறங்கும், மறுபடி நிரப்பி மூடியைப் போடுங்கள். இரண்டு ஹீட்டர் ஹோஸும் சூடாக இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். ஒன்று சுட்டு இன்னொன்று ஆறியிருந்தால் கோரில் காற்றோ அடைப்போ இருக்கிறது. டேஷ்போர்டுக்குள் சலசலவென்று சத்தம் கேட்டால் காற்று இன்னும் போகவில்லை. மறுநாள் காலை குளிர்ந்தபின் மட்டத்தைப் பார்த்து நிரப்புங்கள், அடுத்த சில நாளும் பாருங்கள்.

கார்பெட்டை மறந்துவிடாதீர்கள். மேலே துடைத்தால் போதாது. அடியில் உள்ள கனமான ஃபெல்ட் கூலண்டைக் குடித்து வைத்திருக்கும், அது தானாகக் காயாது, வாசனையும் போகாது, அடியில் தகடு துருப்பிடிக்கும். இடது சீட்டைக் கழற்றி, கார்பெட்டைத் தூக்கி, ஃபெல்ட்டை வெளியே எடுத்துச் சோப்புத் தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசி வெயிலில் நன்றாகக் காயவிட்டுப் போடுங்கள். அந்தப் பக்கம் ஒயரிங் கனெக்டர்கள் இருக்கும், ஈரம் ஏறியிருந்தால் துடைத்துக் காயவைத்தபின்தான் பேட்டரியை இணைக்க வேண்டும். கண்ணாடியின் உட்புறப் படலம் வெறும் துணிக்குப் போகாது, சோப்புத் தண்ணீரில் ஒருமுறை, கிளாஸ் கிளீனரில் ஒருமுறை என்று துடையுங்கள். ஒரு வாரம் கழித்து அந்தப் படலம் மறுபடி படிந்தால் பைபாஸ் இணைப்பையோ புதுக் கோரையோ மறுபடி பிரஷர் டெஸ்டரில் வையுங்கள்.